இடப்பக்கச் சக்கரம்

பிள்ளைகள் விமானம் இறக்குவதை மெக்கானிக் எழுந்து வந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. ஹேங்கர் கொட்டகைக்குள் எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போதே காது சொல்லிவிடும். டயர் தரையைத் தொடுகிற 'கீச்' ஒரே ஒரு தடவை கேட்டால் நல்ல இறக்கம். ஒன்று கேட்டு, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல், மறுபடி ஒன்று கேட்டால் வண்டி குதித்திருக்கிறது. அப்போது அவர் கையில் இருக்கிற ஸ்பானரை நிறுத்தாமலே, "யார் பெத்த பிள்ளையோ, நமக்கு வேலை வச்சிருச்சு" என்பார். சாயங்காலம் அந்த வண்டியைத் தேடிப்போய் டயரைத் தடவிப் பார்ப்பார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். நான்கு சின்ன விமானங்கள். இரண்டே இருக்கை, மூக்கில் ஒரு சக்கரம், இறக்கைக்குக் கீழே இரண்டு சக்கரம். விமானம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். உள்ளே எல்லோருக்கும் வண்டிதான். பழகுகிற பிள்ளைகள் அவற்றை ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏற்றுவார்கள், முப்பது தடவை இறக்குவார்கள். ஏற்றுவதில் ஒன்றும் ஆகாது. கெடுவதெல்லாம் இறக்கும்போதுதான். டயர் தேயும், மூக்குச் சக்கரத்துக் கம்பி வளையும், வாலடி தரையில் உரசும். அவர் அதையெல்லாம் சரி செய்து, மறுநாள் காலையில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியும் வெயிலுக்கு வராது.

ஒரே ஒருத்தி இறங்கும்போது மட்டும் அவர் எழுந்து, கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டு, ஹேங்கர் வாசலுக்கு வருவார். அவருடைய மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். நான்கு வயதில் வைத்த பேர், பத்தொன்பது வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளியில் ஊழியர் பிள்ளைக்கு உள்ள சலுகையில் சேர்ந்தவள். கூடப் படிக்கிறவர்கள் வைத்த பேர் வேறு. கிரீஸ் பைலட்.

"அப்படித்தான் கூப்பிடறாங்களா?" என்று ஒரு நாள் அவர் கேட்டார்.

"கூப்பிடட்டும். கிரீஸ் இல்லாம எது ஓடுது?" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவும்போது நகக்கண்ணை வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்தார்.

அந்த மத்தியானம் காற்று நிலையாக இல்லை. கோடைக் காற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் செத்துக் கிடக்கும், திடீரென்று இடப்பக்கத்திலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப் பை எழுவதும் தொங்குவதுமாக இருந்தது. ரன்வே ஓரத்தில் புல்லுக்காரர் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். புல் முழங்கால் உயரம் வளர்ந்தால் பறவை வரும், பறவை வந்தால் ஆபத்து. அதனால் வருஷம் முழுக்க அவருக்கு அதே வேலை. ஒரு முனையிலிருந்து வெட்டிக்கொண்டு மறுமுனைக்குப் போவதற்குள் வெட்டிய இடத்தில் வளர்ந்திருக்கும். "அண்ணே, என் பொழப்பும் முடிதிருத்தறவர் பொழப்பும் ஒண்ணு. தலை இருக்கிற வரைக்கும் வேலை இருக்கு" என்பார். பதினைந்து வருஷமாக மெக்கானிக்கோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பவர்.

மகள் தனியாகப் பறக்க ஆரம்பித்து அது ஒன்பதாவது தடவை. ஹேங்கர் சுவரில் இருந்த ரேடியோவில் அவள் குரல் வந்தது. கடைசித் திருப்பம் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வண்டி நேராகத்தான் வந்தது. கொஞ்சம் வேகம் அதிகம் என்று அவருக்குப் பட்டது. தொட்டது. உடனே பந்து மாதிரி எழும்பியது. பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். எஞ்சினுக்கு வேகம் கொடுத்து மேலே ஏறிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி இறக்கினால் முடிந்தது. "ஏறு" என்றார் வாய்க்குள். அது ஏறவில்லை. இரண்டாவது தடவை தொட்டு, முதலாவதைவிட உயரமாக எழும்பியது. "ஏறிடு, ஏறிடும்மா." மூன்றாவது தடவை மூக்கு கீழே இருந்தது.

மூக்குச் சக்கரம் ஒடிந்தது அவருக்குக் கேட்டது. அப்புறம் மூக்கு விசிறி தரையில் அடிக்கிற சத்தம். தகரத்தைப் பிடித்துக் கிழிப்பது மாதிரி. வண்டி இடப்பக்கம் திரும்பி, ரன்வேயை விட்டுப் புல்லுக்குள் இறங்கி, அங்கே நின்றிருந்த டிராக்டரில் போய் மோதியது. அப்புறம் புழுதி.

மெக்கானிக் ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது. முதலில் அவர் கண்ணில் பட்டது புல்லுக்காரர். டிராக்டரின் பெரிய சக்கரத்துக்கும் விமானத்தின் இறக்கைக்கும் நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்தார். கண் திறந்திருந்தது. "அண்ணே" என்றார்.

"இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் அவரைத் தாண்டி மகளிடம் போனார்.

*

புல்லுக்காரரின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மகளுக்குத் தோள் எலும்பு முறிவு, மோவாயில் பதினொரு தையல். மூன்றாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடு முதல் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. அவள் அறையில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள்களில் எஞ்சின் கிளப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வரிசையாக எழுதியிருந்தன. வந்ததும் முதல் வேலையாக ஒற்றைக் கையால் அவற்றைக் கிழித்தெடுத்தாள். பசை போகாமல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் நின்றன. அப்புறம் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

மென்று சாப்பிட முடியாது. அவள் அம்மா ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுப்பகுதியைப் பாலில் ஊறவைத்து ஸ்பூனால் ஊட்டினாள். நான்கு வாய்க்கு மேல் வாங்கவில்லை.

"இன்னும் ஒரு வாய்."

"போதும்மா."

"போதும்னா எப்படி? மருந்து போடணும்ல?"

"புல்லுக்கார மாமாவுக்கு எப்படி இருக்காம்?"

"இருக்காரு. நீ சாப்பிடு."

"இருக்காருன்னா?"

அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். முடிந்து வருகிற சட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, தையல் விட்டுப்போன இடம், பொத்தான் கோணிய இடம், எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளி வைப்பாள். நாளைக்கு அறுநூறு சட்டை. அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று கம்பெனியில் பேர். அந்த வாரம் அவள் லீவு போட்டிருந்தாள்.

சமையலறையில் மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த டீ ஏடு கட்டியிருந்தது.

"அந்த ஆபீசர் எப்ப வர்றாரு?" என்றாள் அவள்.

"வெள்ளிக்கிழமை. வண்டியப் பிரிச்சுப் பாக்கப் போறாங்க."

"பிரேக் விஷயத்தச் சொல்லிடுவீங்கள்ல?"

அவளிடம் மட்டும்தான் அவர் அதைச் சொல்லியிருந்தார். விபத்துக்கு முந்தின நாள் வேறொரு பிள்ளை குறைப் புத்தகத்தில் எழுதியிருந்தது: தரையில் ஓடும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, இடப்பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். லேசாக ஒரு உரசல். பிரேக் கட்டை முழுசாகப் பின்வாங்கவில்லை. கழற்றித் துடைத்து, கட்டை நகர்கிற பின்னைத் தேய்த்து மாட்டி, மறுபடி சுற்றினார். உரசல் போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தார். புதுப் பின் கேட்டு ஸ்டோருக்கு எழுதினார்; அது வரவில்லை. காலையில் கையெழுத்துப் போட்டார். இப்போது நாலு நாளாக அவர் காதில் அந்த உரசல் கேட்டுக்கொண்டே இருந்தது. போயிருந்ததா, இல்லை, போகட்டும் என்று அவர் நினைத்ததால் கேட்காமல் போனதா?

"சொல்லத்தான் போறேன்" என்றார். "உரசல் இருந்துச்சு. சரி பண்ணேன். அவ்வளவுதானே?"

"அவ்வளவு மட்டும் சொல்லாதீங்க. பிரேக் பிடிச்சிக்கிச்சு, அதான் வண்டி இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லுங்க."

"அது பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"நீங்க சொன்னா யாரு இல்லேங்கப் போறாங்க? இருபத்திரண்டு வருஷம் அங்க குப்பை கொட்டியிருக்கீங்க."

"அதனாலதான் சொல்ல முடியாது."

அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பாருங்க. உங்க லைசென்சப் பிடுங்கினா பிடுங்கட்டும். ஊர்ல எத்தனையோ ஒர்க் ஷாப்பு இருக்கு. கார் ரிப்பேர் பண்ணிப் பொழச்சுக்கலாம். அவளுக்கு இன்னும் இருபதுகூட ஆகல. ஒரு மனுஷன் கால எடுத்தவன்னு அவ நெத்தியில எழுதிட்டா, அவ என்ன பண்ணுவா? படுத்துக் கெடக்கறதப் பாத்தீங்களா? சுவத்தப் பாத்துக்கிட்டு."

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் உள் அறையிலிருந்து குரல் வந்தது. மோவாய்த் தையலால் வாயைத் திறக்காமல் பேசுகிற குரல்.

"அம்மா. வண்டிய இறக்கினது நான்."

மெக்கானிக் எழுந்துபோய் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆபீசருக்கு எழுதிக் குடுத்தியே, அதுல என்ன எழுதின?"

"நடந்தத எழுதினேன். குதிச்சுது. நான் மேல ஏறிப் போயிருக்கணும். போகல. என் பிழைன்னு எழுதினேன்."

"கிளம்பும்போது இடது பக்கம் இழுத்துச்சா?"

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாபகமில்லப்பா."

அவருக்குச் சுருக்கென்றது. அறுபத்திரண்டு வரிச் சோதனைப் பட்டியலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவள் அவள். ஞாபகமில்லையாம். எனக்காகத்தான் மறைக்கிறாள் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் அது பிரேக்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. பயமாக இருக்க வேண்டும், இல்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒரு பக்கமாக நகர்ந்த மாதிரி இருந்தது. என் தப்பு என்றால் அவள் எழுந்து உட்காருவாள். சாப்பிடுவாள். அந்த ஜன்னலில் மறுபடி தாள் ஒட்டுவாள்.

வெள்ளிக்கிழமைக்காக அவர் காத்திருந்தார்.

*

உடைந்த வண்டியை ஹேங்கரின் பின்மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் போக அவருக்கு அனுமதியில்லை. ஆனால் வேலை வேறெங்கே? மற்ற மூன்று வண்டிகளும் அதே ஹேங்கரில்தான் நின்றன. இரண்டு நாளாக எண்ணெய் மாற்றும்போதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போதும் அந்தத் தார்ப்பாய் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. யாரும் அவரிடம் அதிகம் பேசவில்லை. டீ நேரத்தில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். ரன்வே ஓரத்துப் புல் அதற்குள் வளர்ந்திருந்தது.

விசாரணை அதிகாரி ஒல்லியான ஆள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை இருமுவார். வெளியிலிருந்து வேறொரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். பள்ளியின் பெரிய கேப்டனும் கைகட்டி நின்றார். தார்ப்பாயை உருவினார்கள்.

"நீங்கதான் காலையில கையெழுத்துப் போட்டவரா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

மெக்கானிக் சொன்னார். குறைப் புத்தகத்தில் வந்தது, ஜாக்கி வைத்தது, உரசல், துடைத்து மாட்டியது, புதுப் பின் வராதது. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கேப்டன் முகம் சிறுத்தது. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"மறுபடி சுத்தும்போது உரசல் இல்லையே?"

"இல்லன்னு நெனச்சேன் சார். இப்ப நிச்சயமாச் சொல்ல முடியல."

"நிச்சயமில்லாமயா கையெழுத்துப் போட்டீங்க?"

"அப்ப நிச்சயமா இருந்துச்சு சார். இப்ப இல்ல."

அதிகாரி இருமிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். "சரி. முதல்ல அதையே பாத்துடுவோம்."

வந்திருந்த மெக்கானிக் அனுபவஸ்தர். அவசரப்படவில்லை. வண்டியின் இடப்பக்கத்தை முட்டுக் கொடுத்துத் தூக்கினார். இடப்பக்கச் சக்கரம் சேதமில்லாமல் இருந்தது. முதலில் டயரைச் சுற்றிலும் விரலால் தடவினார். "பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடியிருந்தா ஒரு இடத்துல மட்டும் மொழுக்குன்னு தேஞ்சிருக்கும். இல்ல" என்றார். அப்புறம் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

சுற்றியது.

மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டார். உரசல் வர வேண்டும். ஒரு நூல் அளவு வந்தால் போதும். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனையோ காலை வேளைகளில் ஒரு சக்கரம் இப்படிச் சுற்றுவதைப் பார்த்து அவர் மனசுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டதுண்டு. இப்போது நிற்காதா, நின்று தொலையாதா என்றிருந்தது. அது பாட்டுக்குச் சுற்றி, தளர்ந்து, கொஞ்சம் பின்னால் வந்து, தானாக நின்றது.

"நல்லா இருக்கு" என்றார் வந்தவர்.

"இன்னொரு தடவ சுத்திப் பாருங்களேன்" என்றார் மெக்கானிக்.

மறுபடி சுற்றினார்கள். அப்புறம் கழற்றினார்கள். பிரேக்கின் வட்டத் தகட்டை வந்தவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பிரேக் பிடித்துச் சூடேறியிருந்தால் தகடு நீலம் பாய்ந்திருக்க வேண்டும். வெள்ளி மாதிரிப் பளபளத்தது. கட்டை இரண்டும் ஒரே அளவு. அவர் தேய்த்து மாட்டியிருந்த அந்தப் பின் வெண்ணெயில் போகிற மாதிரி வழுக்கியது.

"உங்க வேலை சுத்தமா இருக்குங்க" என்றார் வந்தவர், ஒரே தொழில்காரன் என்ற மரியாதையோடு.

"ஓடும்போது பிடிச்சிருக்குமோ? மோதினதுல பின் தானா விடுபட்டு..."

"அப்படி விடுபடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும்.

அதிகாரி பேனாவை மூடினார். "வேக அளவு பாத்தாச்சு, டவர்ல இருந்தவங்க சொன்னதும் இருக்கு. வேகமா வந்திருக்கா, குதிச்சிருக்கு, இடப்பக்கக் காத்து வாலைத் தள்ளி, மூக்க இடப்பக்கம் திருப்பியிருக்கு. அவளே எழுதியும் குடுத்துட்டா." கொஞ்சம் தயங்கி, "உங்க பொண்ணா?" என்றார்.

"ஆமா சார்."

அதிகாரி இருமினார்.

*

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். இருந்தாலும் கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். பிரிச்சுப் பாத்தாங்க."

"என்னவாம்?"

"நல்லா இருக்கு."

"அவகிட்ட அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் மெதுவாக. "பிரேக்தான்னு சொல்லுங்க. பேப்பர்ல என்ன வேணாலும் எழுதட்டும். இந்த வீட்டுக்குள்ள பிரேக்தான்னு இருக்கட்டும். அது போதும் அவளுக்கு."

மெக்கானிக் கை கழுவினார். துண்டில் துடைத்தார். வழியில் அவரும் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு பொய். ஒரே ஒரு வரி. கையெழுத்துகூடப் போட வேண்டியதில்லை.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதற்காகவே எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தலையைக்கூட ஒற்றைக் கையால் வாரியிருந்தாள்.

"பிரேக் எப்படி இருந்துச்சுப்பா?"

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். எஞ்சினைப் பற்றி ஏழு வயதிலிருந்து அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் மழுப்பினதில்லை.

"நல்லா இருந்துச்சும்மா. ஒரு குறையும் இல்ல."

அவள் கண்ணை மூடினாள். முகம் தளர்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாய்க் கட்டுத்துணியை நனைத்தது. அவர் பயந்துபோனார். ஆனால் அது வேறு அழுகை என்று கொஞ்சம் தாமதித்துத்தான் அவருக்குப் புரிந்தது.

"ஞாபகமில்லன்னு சொன்னது பொய்யிப்பா" என்றாள். "கிளம்பும்போது லேசா இழுத்த மாதிரி இருந்துச்சு. காத்தா, பிரேக்கான்னு தெரியல. அத எழுதினா நேரா உங்க கையெழுத்துலதான் வந்து நிக்கும். அதான் எழுதல. எட்டு நாளா, பிரேக்கா இருந்துடக் கூடாதுன்னு கெடந்தேன்."

அவர் எதற்காகக் கிடந்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மாமாவப் பாக்கப் போகணும்" என்றாள் மகள்.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டும்."

"நாளைக்குப்பா."

*

ஆஸ்பத்திரியில் பொது வார்டு நீளமான கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். பினாயில் வாசனையும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் கலந்து அடித்தது. பார்வையாளர் நேரம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. புல்லுக்காரருக்கு ஜன்னலோரக் கட்டில். காயத்தில் சீழ் வைத்திருந்ததால் மருந்து பாட்டிலில் ஏறிக்கொண்டிருந்தது. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. மகள் அந்தத் தட்டையான பக்கத்தைப் பார்த்தாள், அப்புறம் வேறெங்கும் பார்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

புல்லுக்காரரின் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. வாங்க என்று சொல்லவும் இல்லை. வாங்கி வந்த பழப் பையை மெக்கானிக் அலமாரி மேல் வைத்தார்.

"வாலு" என்றார் புல்லுக்காரர். குரல் நூலாக இருந்தது. "மோவாயில என்னது, தாடி வளக்கறியா?"

அவளால் சிரிக்க முடியவில்லை. "மாமா, நான் ஒண்ணு சொல்லணும். வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நேத்து பிரிச்சுப் பாத்துட்டாங்க. தப்பு என்னுது."

"அப்படியா?" என்றார் அவர். முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. மேலே விசிறியைப் பார்த்தார். "நான் பதினஞ்சு வருஷமா எத்தனை பிள்ளைங்க இறங்கறதப் பாத்திருக்கேன். குதிக்காத பிள்ளையே கெடையாது. குதிச்சா ஏறிடுவாங்க. நீ ஏன் ஏறல?"

"தெரியல மாமா."

"தெரியலன்னா எப்படி? யோசிச்சுப் பாரு. கால் போனவன் கேக்கறேன்."

அவள் தோள்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு முந்தின தடவையும் குதிச்சுது. அப்ப ஏறிப் போயிட்டேன். மறுபடியும் ஏறினா, எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்கன்னு தோணுச்சு. கிரீஸ் பைலட்னு. அப்புறம்..." அவள் நிறுத்தினாள். "அப்பா வாசல்ல நிக்கிறது தெரிஞ்சுது. மேலருந்து பாத்தாலே தெரியும். இந்தத் தடவ எப்படியாவது இறக்கிடணும்னு நெனச்சேன். ரெண்டாவது குதிச்சப்பவும் அதான் நெனச்சேன்."

மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வார்டில் யாரோ வானொலி வைத்திருந்தார்கள். அதில் யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

புல்லுக்காரர் மனைவியைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"வண்டி கடைசித் திருப்பம் திரும்பினா நான் டிராக்டர எடுத்துட்டு, எல்லைக்கு வச்சிருக்கற வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போயிடணும். அதான் சட்டம். அன்னைக்கு நான் போகல. டிராக்டர் ரேடியோவுல இவ குரல் கேட்டுச்சு. நம்ம வாலு இறங்குதே, கிட்டக்க இருந்து பாப்போம்னு எஞ்சின நிறுத்திட்டு, கீழ இறங்கி, சக்கரத்துல சாஞ்சுக்கிட்டு நின்னேன். ஆபீசர் கேட்டப்ப, நகர நேரமில்லன்னு சொல்லிட்டேன்."

"என்னது?" என்றாள் அவர் மனைவி.

"ஆமா."

"என்கிட்டயும் அப்படித்தானே சொன்னீங்க."

"உன்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"நீ கூப்பிட்டப்ப நான் நிக்கல" என்றார் மெக்கானிக் திடீரென்று. "உன்னத் தாண்டிப் போயிட்டேன்."

"பெத்தவன் போகத்தான் செய்வான். விடுங்க அண்ணே" என்றார் புல்லுக்காரர். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண் மெக்கானிக்கின் பக்கம் வரவில்லை.

புல்லுக்காரரின் மனைவி மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். மெலிந்த பெண்பிள்ளை. ஒன்பது நாளாக அந்த ஸ்டூலிலேயே தூங்கி எழுந்ததில் கண் உள்ளே போயிருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். "நான், நான்னு ஆளுக்கொரு பங்கா எடுத்துக்கிட்டீங்க. மனசுக்கு எல்லாருக்கும் லேசாயிருக்கும். எனக்கு ஒரு பங்கும் இல்ல, அதனால நான்தான் அள்ளணும். காலையிலருந்து கக்கூசுக்குப் போகணும், போகணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு. சக்கர நாற்காலி தள்ளறவர் இந்தா வர்றேன்னு போனவர் போனவர்தான். என் ஒருத்தியால தூக்க முடியல. நேத்து தூக்கப் போய் ரெண்டு பேரும் விழுந்தோம். தப்பு யாருதுன்னு கண்டுபிடிச்சாச்சுல்ல? இப்ப இவர யாரு தூக்கறது?"

புல்லுக்காரரின் முகம் வெட்கத்தில் கன்றிப்போயிருந்தது. "அப்புறம் போய்க்கலாம்" என்று முனகினார்.

மெக்கானிக் சட்டைக் கையை மடித்தார். போர்வையை விலக்கினார். கட்டுப் போட்ட அந்தக் குறைக் காலை முதல் தடவையாகப் பார்த்தார். குனிந்து, ஒரு கையை அவர் முதுகுக்குக் கீழேயும் இன்னொரு கையை நல்ல காலுக்குக் கீழேயும் கொடுத்தார்.

"கழுத்தப் பிடிச்சுக்க."

"வேணாம் அண்ணே. உங்களுக்கு இடுப்பு..."

"பிடிச்சுக்கன்னா."

புல்லுக்காரர் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். எஞ்சின் தூக்கிப் பழகின உடம்பு. என்றாலும் ஒரு கால் இல்லாத ஆள் இவ்வளவு கனப்பார் என்று அவர் நினைத்திருக்கவில்லை. மகள் தாங்கியிலிருந்து மருந்து பாட்டிலைக் கழற்றி, நல்ல கையால் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். புல்லுக்காரரின் மனைவி ஸ்டூலைக் காலால் ஒதுக்கிவிட்டு முன்னால் நடந்தாள்.

கழிப்பறை கூடத்தின் மறுகோடியில் இருந்தது. பன்னிரண்டு கட்டில்களைத் தாண்ட வேண்டும். நடுவழியில் மெக்கானிக் அவரை ஒரு தடவை நெஞ்சோடு ஏற்றிப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நின்னு போலாமாப்பா?" என்றாள் மகள்.

"கைய இறக்காத" என்றார் அவர். நிற்காமல் நடந்தார்.